ஓடுகிற பஸ்ஸில் ஒரு பாட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன மாதம் நீங்கள் எழுதிய ஒரு குறிப்பில், இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்தார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. நம்ப முடியாமல் தேடிப் பார்த்தேன். உண்மைதான். கூடவே அவர்களுடைய 1963ஆம் வருடத்து நிகழ்ச்சிப் பட்டியலும் கண்ணில் பட்டது. தலை சுற்றிவிட்டது. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், நடுவில் லண்டன் வந்து வானொலி, மறுபடி வேன். மேனேஜர் நான்கு பையன்களையும் செக்கு மாடுபோல ஓட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது சுரண்டல் இல்லையா? இத்தனை ஓட்டத்தில் எப்போது உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள்?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தம்பி மகன் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறான். நான்கு பாட்டுக்காக ஒன்றரை வருடமாக மொட்டை மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், “இன்னும் சவுண்ட் சரியா வரலை பெரியப்பா” என்கிறான்.

அன்புடன்,
க., ஈரோடு

*

அன்புள்ள க.,

செக்கு மாடு என்ற உவமையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செக்கு மாடு எவ்வளவு நடந்தாலும் சுற்றின இடத்தில்தான் நிற்கும். இவர்கள் 1963 ஜனவரி 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து விமானத்தில் திரும்பினார்கள். முந்தின இரவு வரை அங்கே ஸ்டார் கிளப்பில் வாசித்திருந்தார்கள். மறுநாள் ஸ்காட்லாந்தில் கீத் என்ற சிற்றூரில் கச்சேரி. பனி கொட்டியதில் அது ரத்து. அப்புறம் எல்ஜின், டிங்வால் என்று சின்னச் சின்ன ஊர்களின் நடன அரங்குகள். அதே வருடம் நவம்பர் 4 அன்று லண்டனில் அரச குடும்பத்தின் முன்னால் வாசித்தார்கள். விலை கூடிய இருக்கையில் இருப்பவர்கள் கை தட்ட வேண்டாம், நகையைக் குலுக்கினால் போதும் என்று நால்வரில் ஒருவரான லெனான் சொன்னது அன்றைக்குத்தான். பத்து மாதத்தில் இவ்வளவு தூரம்.

ஓட்டம் கடுமையானது என்பதை மறுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் இங்கிலாந்து பல பத்தாண்டுகளில் காணாத குளிர்காலம். ஜனவரி 22 அன்று லண்டனில் மூன்று வானொலி நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு லிவர்பூலுக்குக் கிளம்புகிறார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழக்கமாக வேன் ஓட்டும் நீல் ஆஸ்பினாலுக்குக் காய்ச்சல். அவர் இடத்தில் மால் எவன்ஸ். பகலில் தபால் துறையில் தொலைபேசிப் பொறியாளர், இரவில் லிவர்பூலின் கேவர்ன் கிளப் வாசலில் காவல் நிற்பவர், ஆஜானுபாகுவான ஆள். வழியில் கல் தெறித்து முன்கண்ணாடி நொறுங்கிவிடுகிறது. மால் தன் தொப்பியைக் கையில் மாட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடியைக் குத்தி வெளியே தள்ளுகிறார். அப்புறம் முகத்தில் அறையும் காற்றோடு அப்படியே ஓட்டுகிறார். பின்னால் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக்கொள்கிறார்கள். மேலே கிடப்பவன் விறைத்துப்போனால் அடியில் போய்விடுவான், அடுத்தவன் மேலே வருவான். ஒரு விஸ்கி பாட்டில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் கேவர்னில் கச்சேரி. வாசித்தார்கள்.

நான் ஒரு தடவை ஒரே வாரத்தில் மூன்று ஊர்களில் மூன்று கூட்டங்களில் பேசினேன். நான்காம் நாள் வெந்நீரும் பனங்கற்கண்டுமாகப் படுத்துவிட்டேன். அதனால் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இப்போது வானொலிக்கு வருகிறேன். அந்தப் பட்டியலில் ரொம்பவும் வேடிக்கையான பகுதி அதுதான், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாட்டு ரெக்கார்டாக வந்தபிறகு வானொலி அதைச் சுழலவிட்டால் போதாதா, எதற்காக ஆட்களையே வரவழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும்? அப்போதைய பிபிசியில் அது முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ரெக்கார்டு போடலாம் என்று வரம்பு இருந்தது. அதை ஊசி நேரம் என்றே சொல்வார்கள், ரெக்கார்டின் மேல் ஊசி வைக்கிற நேரம். இசைக்கலைஞர்களின் பிழைப்பு போய்விடக் கூடாது என்று அவர்களுடைய சங்கம் விடாப்பிடியாக நின்றதால் வந்த ஏற்பாடு. மீதி நேரத்தை ஆட்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். மெல்லிசைக்கென்று இருந்த லைட் ப்ரோக்ராம் அலைவரிசை, வாசிக்கத் தெரிந்த குழுக்களுக்காக எப்போதும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது.

இவர்களும் முறைப்படி தேர்வு எழுதித்தான் உள்ளே போனார்கள். 1962 பிப்ரவரியில் மான்செஸ்டரில் நடந்த குரல் தேர்வில் தயாரிப்பாளர் பீட்டர் பில்பீம் விண்ணப்பத் தாளில் லெனானின் குரலுக்குச் சரி என்றும், மக்கார்ட்னியின் குரலுக்கு வேண்டாம் என்றும் குறித்துவைத்தார். நல்லவேளை, குழுவைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த மார்ச் முதல் 1965 ஜூன் வரை பிபிசி வானொலியில் 52 நிகழ்ச்சிகளுக்காக இசைத்தார்கள். மொத்தம் 275 தடவை, 88 வெவ்வேறு பாட்டுகள். அதில் 36 பாட்டுகளை அவர்கள் அந்தக் காலத்தில் ரெக்கார்டாக வெளியிடவே இல்லை. இந்தக் கடைசி எண்ணைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1963 ஜூன் முதல் செப்டம்பர் வரை செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. முதலில் நான்கு வாரம் என்று ஆரம்பித்து, பிறகு நீட்டி, மொத்தம் பதினைந்து வாரம். வாரா வாரம் அதே மூன்று ஹிட் பாட்டையே வாசித்தால் கேட்பவன் பெட்டியை அணைத்துவிடுவான். ஆகவே ஹாம்பர்க்கில் வாசித்த பழைய அமெரிக்கப் பாட்டு, யாரும் கண்டுகொள்ளாத ரெக்கார்டின் பின்பக்கப் பாட்டு, பெண்கள் குழு பாடியது என்று எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்தார்கள். ஜூலை 16 அன்று மட்டும் ஏழு மணி நேரத்துக்குள் பதினெட்டுப் பாட்டுகள். ஒரு பாட்டுக்கு அரை மணிகூட இல்லை. பிசிறு தட்டினால் தட்டினதுதான். சில இடங்களில் கிதார் ஒரு கணம் தடுமாறி மீள்வது நன்றாகவே கேட்கும். எனக்குப் பிடித்த இடங்கள் அவை.

அடுத்தவர் பாட்டை இத்தனை விதமாக உள்ளே போய்ப் பார்த்தவனுக்குப் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பது கைவிரலுக்கே தெரிந்துவிடும். எப்போது எழுதினார்கள் என்று நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

மீதிப் பாதி பஸ்ஸில் இருக்கிறது. 1963 பிப்ரவரியில் அவர்கள் ஹெலன் ஷப்பிரோ என்ற பதினாறு வயதுப் பாடகியின் டூரில் துணைக்குழு. பிரபலம் அந்தப் பெண்தான், இவர்களுக்குக் கிடைத்தது சில பாட்டுகளுக்கான நேரம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பஸ். 28ஆம் தேதி யார்க் நகரிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குப் போகும் வழியில் லெனானும் மக்கார்ட்னியும் பஸ்ஸில் உட்கார்ந்து ‘ஃப்ரம் மீ டு யூ’ பாட்டை எழுதினார்கள். ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்ற இசைப் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதப் பகுதியின் தலைப்பைத் திருப்பிப் போட்டதில் பிறந்தது அந்தத் தலைப்பு. கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டே இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மார்ச் 5 அன்று ரெக்கார்டிங். ஜூன் 26 அன்று நியூகாசிலில் ஒரு ஹோட்டல் அறையில் எதிரெதிர்க் கட்டில்களில் உட்கார்ந்து ‘ஷி லவ்ஸ் யூ’ பாட்டை ஆரம்பித்தார்கள். மறுநாள் லிவர்பூலில் மக்கார்ட்னியின் வீட்டில் முடித்தார்கள். ஜூலை 1 அன்று பதிவு. சுடச்சுட என்பார்களே, அது.

உங்களை ஆச்சரியப்படுத்திய அந்த ஒரு நாளும் இதே டூரின் நடுவில் கிடைத்த இடைவெளிதான். பிப்ரவரி 11, லண்டன் அபே ரோடு. காலை 10 மணிக்கு ஆரம்பம். லெனானுக்குக் கடுமையான ஜலதோஷம், பக்கத்தில் தொண்டை மாத்திரை டப்பா. மதியம் ஸ்டூடியோ ஆட்கள் வழக்கம்போல மதுக்கடைக்குச் சாப்பிடப் போனார்கள். இவர்கள் பாலைக் குடித்துக்கொண்டு அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள். இப்படி ஒரு குழுவை அந்த ஸ்டூடியோ பார்த்ததில்லையாம். ராத்திரி பத்தைத் தாண்டிய பிறகு ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. தொண்டையைக் கிழிக்கும் பாட்டு என்பதால் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். லெனான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாடினார். ஆல்பத்தில் நாம் கேட்பது முதல் டேக். இன்னொன்று எடுக்கப் பார்த்தார்கள், குரல் போய்விட்டிருந்தது. இது மாயம் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பதிவான பத்தில் ஆறு மற்றவர்களின் பாட்டு, மேடையில் அவர்களுக்குப் பழகி மனப்பாடமாகிவிட்ட பாட்டு.

மறுநாளாவது போர்த்திக்கொண்டு தூங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரே இரவில் ஷெஃபீல்டில் ஒரு கச்சேரி, ஓல்டமில் இன்னொன்று.

சரி, மேனேஜர். பிரையன் எப்ஸ்டீன் ஒரு ரெக்கார்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நூற்றுக்கு 25 எடுத்துக்கொண்டார், அது அதிகம் என்று சொல்ல இடம் உண்டு. அதே மனிதர், பேர் வருவதற்கு முன்னால் சின்ன அரங்குகளுக்குக் குறைந்த தொகைக்குக் கொடுத்த தேதிகளைப் பேர் வந்த பிறகும் ரத்து செய்யவில்லை. நாடே பேசுகிற குழு சிற்றூர் நடன அரங்கில் பழைய சம்பளத்துக்கு வந்து வாசித்தது. அந்தப் பட்டியல் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் பயம். இது நீடிக்கும் என்று அப்போது யாருமே நம்பவில்லை. ஓய்ந்த பிறகு முடி திருத்தும் கடைகள் வைக்கலாம் என்பது டிரம்ஸ் வாசித்த ரிங்கோவின் யோசனை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம் என்று நான்கு பேரும் எப்ஸ்டீனோடு சேர்ந்துதான் ஓடினார்கள். சுரண்டல் என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன். ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு நாள் போல விடுமுறையும் கிடைத்தது, மூன்று பேர் டெனரீஃப் தீவில் வெயிலில் வெந்துபோனார்கள்.

ஆனால் வருடக் கடைசிக்கு வரும்போது கதை மாறுகிறது. டிசம்பர் 7ஆம் தேதியைப் பாருங்கள். சொந்த ஊரான லிவர்பூலில் எம்பயர் தியேட்டரில் மதியம் ரசிகர்கள் முன்னால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவு. உடனே அதே மேடையில், அன்றிரவே ஒளிபரப்ப ஒரு கச்சேரிப் பதிவு. முடிந்ததும் போலீஸ் மறித்து வைத்த தெரு வழியாகப் பக்கத்து ஓடியன் தியேட்டருக்கு ஓட்டம், அங்கே இரண்டு காட்சிகள். ஒளிபரப்பில் ஒலி சரியாக இல்லை என்று குறை சொன்னார்கள். அந்தக் கூச்சலில் எந்த மைக் என்ன செய்யும்? அதற்கு ஒரு மாதம் முன்னால் பர்மிங்ஹாமில் போலீஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் அரங்குக்குள் நுழைய முடிந்தது. இந்தக் கட்டத்துக்குப் பிறகு மேடை அவர்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத மேடையில் என்ன கற்க முடியும்? 1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவோடு டூரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஸ்டூடியோவுக்குள் போய் 1967இல் வந்த ஒரு ஆல்பத்துக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் தம்பி மகன் 1963க்குப் போகாமலே நேராக 1967க்குப் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு நாள். 1963 ஏப்ரல் 4. பகலில் லண்டனில் பிபிசிக்கு ஒலிப்பதிவு. அது முடிந்து ஸ்டோவ் என்ற உறைவிடப் பள்ளிக்கு வேனில் போகிறார்கள். அங்கே படித்த லிவர்பூல் பையன் ஒருவன் எப்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதி 100 பவுண்டுக்கு ஏற்பாடு செய்த கச்சேரி. பார்வையாளர்கள் எல்லோரும் கிட்டத்தட்டப் பையன்கள். அதனால் பாட்டு நடக்கும்போது அலறல் இல்லை, பாட்டு முடிந்த பிறகு இது வேண்டும் அது வேண்டும் என்று கூவுகிறார்கள். இவர்களும் எடுத்துப் பாடுகிறார்கள். பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் டேப் ரெக்கார்டரில் அதைப் பிடித்துவைத்தான். அறுபது வருடம் கழித்து, 2023இல்தான் அந்த டேப் இருப்பது வெளியே தெரிந்தது. பிபிசியோ தன்னுடைய டேப்களில் பெரும்பகுதியை அழித்து மறுபடி உபயோகித்துவிட்டது. இன்று நாம் கேட்பதில் ஒரு பகுதி, வீட்டில் ரேடியோவிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த நேயர்கள் காப்பாற்றியது.

உங்கள் தம்பி மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுதுங்கள். அந்த நான்கு பாட்டையும் இதுவரை யார் முன்னாலாவது வாசித்துக் காட்டியிருக்கிறாரா?