ஏற்காட்டுக் குளிரில் புளிக்காத கோதுமை மால்ட்

வணக்கம். மொஹிட்டோ (புதினா, எலுமிச்சை சேர்ந்த பானம்) சுவையில் ஒரு புளிப்புப் பானம் செய்ய, ஏற்காட்டில் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை) சாறு எடுத்து, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு கரண்டி தயிர் விட்டு இரண்டு நாள் வைத்தும் புளிக்கவே இல்லை என்கிறீர்கள். என் சந்தேகம் முதலில் ஹாப்ஸ் மேல்தான். அதன் கசப்பு, புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபாசிலஸை அடக்கிவிடும். மொஹிட்டோ சுவைக்கு அது தேவையும் இல்லை, விட்டுவிடுங்கள்.

அடுத்தது குளிர். சேலத்து வெயிலில் தானாக நடப்பது 1,500 மீட்டர் உயரத்தில் நடக்காது. 35 முதல் 40 டிகிரி சூடு நிற்க வேண்டும். தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டில்களோடு வையுங்கள். தயிரும் சரிப்படாது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் பல பால் சர்க்கரைக்குப் பழகியவை, மால்ட் சர்க்கரையில் மந்தம். பதிலாக, சாறு ஆறி 40 டிகிரிக்கு வந்ததும் அரைக்காத மால்ட் ஒரு கைப்பிடி போடுங்கள். தேவையான கிருமி அதன் மேல்தோலிலேயே இருக்கிறது. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து முதலிலேயே பிஎச்சை (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5க்கு இறக்கிவிட்டால் வேண்டாத கிருமிகள் எளிதில் தலைகாட்டாது. காற்றுப் படாமல் மூடுங்கள். பிஎச் தாள் 3.5 காட்டியதும் வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். வாந்தி நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

புதினாவும் எலுமிச்சைத் தோலும் ஆறிய பிறகுதான். தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். எனக்கென்னவோ ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலும் துளி உப்பும்தான் இன்னும் பிடிக்கும்.

அப்புறம், ஈஸ்ட் எப்போது போடுவது என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள், ஈஸ்ட் சேர்ந்தால் அது மதுவாகிவிடும். தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். நுரைக்கு, குடிக்கும்போது குளிர்ந்த சோடா கலந்தால் போதும்.