மார்வாரிக் குதிரையை ஜெர்மனிக்குக் கூட்டிப் போகலாமா?

வணக்கம்ங்க. வேலை மாறி ஜெர்மனி போகிறீர்கள், அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரிப் பெண் குதிரையையும் கொண்டு போனால் கட்டுபடியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்வாரி, கத்தியவார் இனங்களை அரசு உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை முடிக்காமல் விமானக் கட்டணம் விசாரிக்க வேண்டாம்.

இங்கே காடும் கொட்டகையும் சொந்தம். 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு 8 கிலோ காய்ந்த தீவனம் என்று வைத்தாலும் சோளத்தட்டு, கொள்ளு, தவிடு, ஆள் கூலி, இவ்வளவுதான். அங்கே கொட்டகைக்கே மாத வாடகை. லத்தி அள்ளுவதும் மேய விடுவதும் அதில் சேருமா என்று கேளுங்கள். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுகிற கூலி தனி. அப்புறம், ஆசைக்கு வளர்க்கும் குதிரை யாரையாவது உதைத்துவிட்டால் அங்கே சட்டப்படி நஷ்டஈடு உங்கள் தலையில். அதற்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் எடுத்து வைப்பதுதான் நல்லது.

என்னைக் கேட்டால் இங்கேயே விட்டுப் போங்கள். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில், அதாவது நம் மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிரும் அடைப்பும் சிரமம். பார்த்துக்கொள்பவரிடம் மருத்துவச் செலவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து வையுங்கள். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் நீங்கள் பணம் அனுப்பும்வரை தாங்காது.