சோனி ஏ6400க்கு எல்லாவற்றுக்குமான ஒரே ஜூம் லென்ஸ்: 18-135ஆ, 17-70ஆ, 18-300ஆ?

கேள்வி: என்னிடம் சோனி ஏ6400 இருக்கிறது. கூட வந்த 16-50 கிட் லென்ஸ் மட்டும்தான் வைத்திருக்கிறேன். வீட்டு விசேஷம், கோயில், பயணம், எப்போதாவது பறவை. ஒரே லென்ஸில் எல்லாம் எடுக்க வேண்டும். சோனி 18-135, டாம்ரான் 17-70, டாம்ரான் 18-300 இந்த மூன்றில் எதை வாங்கலாம்? யூவி பில்டரும் சேர்த்து வாங்க வேண்டுமா?

பதில்:

டாம்ரான் 17-70 எஃப் 2.8 வாங்குங்கள். உங்கள் பட்டியலில் வீட்டு விசேஷம் முதலில் வருகிறது, பறவை "எப்போதாவது" என்று கடைசியில் வருகிறது. அந்த வரிசையை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். வரிசை தலைகீழாக இருந்தால் பதிலும் மாறும். அதையும் கீழே சொல்கிறேன்.

இதே கேமரா பாடியில் நான் முதலில் 18-135 வைத்திருந்தேன், இப்போது 17-70 வைத்திருக்கிறேன். 18-300 நண்பருடையது, பயணத்துக்கு அடிக்கடி கேட்டு வாங்கிக்கொள்வேன். மூன்றுமே நல்ல லென்ஸ்கள். ஆனால் ஜூம் வாங்கப் போகிற எல்லோருடைய கண்ணும் கடைசி எண் மேல்தான் நிற்கிறது. 70ஐ விட 135 பெரிது, 135ஐ விட 300 பெரிது, அப்படியானால் 300 வாங்கினால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் என்று தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது எஃப் எண் (லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). அடுத்தது முதல் எண், அதாவது எவ்வளவு அகலமாக எடுக்கும் என்பது. கடைசி எண்ணுக்கு நான் மூன்றாம் இடம்தான் கொடுப்பேன்.

முதல் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 16, 17, 18 எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ6400 சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. மூன்று மீட்டர் தள்ளி நின்று குரூப் போட்டோ எடுத்தால், 16 மி.மீ.யில் சுமார் 4.4 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். 17இல் 4.15 மீட்டர். 18இல் 3.9 மீட்டர். 16க்கும் 18க்கும் நடுவே அரை மீட்டர், அதாவது வரிசையில் ஒரு ஆள். கல்யாண மண்டபத்தில் இரண்டு அடி பின்னால் போய்ச் சமாளித்துவிடலாம். வீட்டு ஹாலில் நிச்சயதார்த்தம் என்றால் முதுகில் சுவர் இடிக்கும். அதற்கு மேல் எங்கே போவது? ஓரத்தில் நிற்கிற அத்தை பாதிதான் விழுவார். (அகலமாக எடுக்கும்போது ஓரத்து முகங்கள் இழுபட்டுப் பருத்துத் தெரியும். அதனால் எந்த லென்ஸானாலும் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டே நிறுத்துங்கள்.)

தொலைவு விஷயத்தில் இந்த நெருக்கடி கிடையாது. கேமரா 24 மெகாபிக்சல். 70 மி.மீ.யில் எடுத்த படத்தை 135 மி.மீ. பார்வைக்கு வெட்டினாலும் 6 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலேயே மிஞ்சும். ஆல்பத்தில் 6×9 அங்குலம் தெளிவாக அச்சடிக்க அது போதும், போன் திரைக்குத் தாராளம். எடுக்காமல் விட்ட அகலத்தை மட்டும் பிறகு எதைச் செய்தும் கொண்டுவர முடியாது. நான்கைந்து படங்களை ஒட்டிப் பனோரமா ஆக்கலாம் என்றால், மனிதர்கள் அசையாமல் நிற்க வேண்டுமே. 200, 300 பார்வைக்கு வெட்டினால் மூன்று மெகாபிக்சலும் தேறாது என்பதும் உண்மை. அந்தத் தொலைவு அடிக்கடி தேவைப்படுபவருக்கு வெட்டுகிற வழி உதவாது.

அடுத்தது வெளிச்சம். எனக்கு இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் நம் வீட்டு விசேஷங்கள் பாதி விடியும் முன்பு நடக்கின்றன, மீதி விளக்கு வைத்த பிறகு நடக்கின்றன. சோனி 18-135 எஃப் 3.5இல் தொடங்குகிறது, ஜூம் செய்யச் செய்ய ஏறி, 135க்கு வருவதற்கு முன்பே 5.6க்குப் போய்விடுகிறது. 17-70 கடைசி வரை 2.8. எஃப் 2.8க்கும் 5.6க்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். தாலி கட்டும் நேரத்தில் கைகள் அசைந்துகொண்டே இருக்கும், 1/125க்குக் கீழே ஷட்டரை இறக்க எனக்குத் துணிவு வராது. 2.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் விழும்) 1600 போதுமான இடத்தில் 5.6க்கு 6400 வேண்டும். ஏ6400 அந்த 6400ஐயும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் தோலின் நிறமும் பட்டுச் சேலையின் ஜரிகையும் முதலில் அடிவாங்குவது அங்கேதான்.

இங்கே சிலர் "18-135இல் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும். எதிரில் ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், ஷட்டர் வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். அசையாத சிற்பம், தூண், விளக்கு என்றால் ஸ்டெபிலைசேஷனை நம்பி 1/15 வரைகூட இறங்கலாம். ஏ6400 பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் கிடையாது என்பதால் லென்ஸில் அது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். டாம்ரான் 17-70இல் இருக்கிறது. அதனால்தான் சிக்மா 18-50 எஃப் 2.8ஐ உங்களுக்கு முதல் தேர்வாகச் சொல்லவில்லை. அது 290 கிராம்தான், படமும் பிரமாதமாக வரும், ஆனால் ஸ்டெபிலைசேஷன் இல்லை. பிறகு ஏ6600, ஏ6700 போல பாடியிலேயே அது உள்ள கேமராவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் சிக்மாவைக் கட்டாயம் பாருங்கள். சோனியின் சொந்த 16-55 எஃப் 2.8க்கும் இதே பேச்சுதான். விலை மட்டும் எங்கோ இருக்கிறது.

கோயிலுக்கு வருகிறேன். சன்னிதிக்குள் நாம் எடுக்கப்போவதில்லை, எடுக்கவும் விடமாட்டார்கள். தொல்லியல் துறை பராமரிக்கிற தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் போன்ற இடங்களில் மண்டபத்தையும் சிற்பங்களையும் நிதானமாக எடுக்கலாம். அங்கே அடிப்பீடத்தில் உள்ளங்கையளவே உள்ள சிற்பங்கள் வரிசையாக இருக்கும். 17-70 அகலக் கோடியில் 19 செ.மீ. வரை, 70இல் 39 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் ஆகும். இந்த மாதிரி வேலைக்கு 70 முனை மிகச் சௌகரியம், குனிந்த நிலையிலேயே சிற்பத்தின் மேல் நம் நிழல் விழாமல் எடுக்கலாம். 18-300இன் விளம்பரத்தில் 15 செ.மீ. என்று இன்னும் நெருக்கமான எண் இருக்கும். அந்த 15 செ.மீ. சென்சாரிலிருந்து அளப்பது. லென்ஸே பன்னிரண்டரை செ.மீ. நீளம், மவுண்டிலிருந்து (லென்ஸ் கேமராவில் மாட்டும் இடம்) சென்சார் வரை இன்னும் 1.8 செ.மீ. கழித்துப் பார்த்தால் லென்ஸ் முகப்புக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு செ.மீ.கூட மிஞ்சாது. பொருளில் பாதி அளவுக்குப் பிம்பம் கிடைப்பது உண்மைதான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து நுழையும் என்பதுதான் சிக்கல்.

18-135க்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "5.6இல் பின்னணி மங்காது, 2.8தான் வேண்டும்" என்று பலர் எழுதுகிறார்கள். மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் உண்மையான திறப்பு கிடைக்கும். 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25 மி.மீ. 135ஐ 5.6ஆல் வகுத்தால் 24 மி.மீ. ஏறக்குறைய சமம். முகம் சட்டத்தில் ஒரே அளவில் வரும்படி எடுத்தால் வெகு தூரத்திலிருக்கிற பின்னணி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு மங்கும். 135க்கு நீங்கள் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், தோட்டத்திலோ கடற்கரையிலோ ஆள் படம் எடுப்பவருக்கு 18-135 எந்தக் குறையும் வைக்காது. எடையும் 325 கிராம்தான். 17-70 525 கிராம், 18-300 620 கிராம். கேமரா 400 கிராமைக் கொஞ்சம் தாண்டும். ஆக கழுத்தில் தொங்குவது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவா, முக்கால் கிலோவுக்கு மேலே போய் ஒரு கிலோவைத் தொடுவதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலை ஏறுபவர், நாள் முழுக்க வெயிலில் நடப்பவர், வீட்டுக்குள் அதிகம் எடுக்காதவர் என்றால் நானே 18-135ஐத்தான் கையில் கொடுப்பேன். கேமராவோடு கிட்டாகவும் விற்றதால் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைக்கும்.

18-300 யாருக்கு? லென்ஸ் மாற்றவே முடியாத சூழலில் எடுப்பவருக்கு. வால்பாறையில் ஜீப்பில் போகும்போது ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, அடுத்த வளைவில் மரத்தின் மேல் சிங்கவால் குரங்கு. அங்கே நண்பரின் 18-300 எனக்குத் தந்த படங்களை 17-70 தந்திருக்காது, சந்தேகமே இல்லை. 10 மீட்டர் தூரத்தில் 300 மி.மீ. வெறும் 80 செ.மீ. அகலத்தைத்தான் பார்க்கும், ஒரு குரங்கு சட்டத்தை நிறைக்கும். ஆனால் அந்த முனையில் எஃப் 6.3. நடுங்காமல் எடுக்க 1/500 வேண்டும், நிழலில் இருக்கிற குரங்குக்கு ஐஎஸ்ஓ ஏறிக்கொண்டே போகும். பறவை மேல் உண்மையான ஆசை வந்துவிட்டால் 300உம் போதாது என்று சீக்கிரமே தெரியும். அப்போது சோனி 70-350 வாங்குங்கள், 17-70க்கு அது இயல்பான ஜோடி. 70இல் ஒன்று முடிகிறது, 70இல் மற்றது தொடங்குகிறது.

சரி, நான் சொல்வதை வைத்து மட்டும் பணம் போட வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களையே கேளுங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் லைப்ரரி பில்டரில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போனால் குவிய தூரம் (அந்த மி.மீ. எண்தான்) வாரியாக எண்ணிக்கை காட்டும். லைட்ரூம் இல்லையென்றால் விண்டோஸில் ஃபோல்டரை டீடெய்ல்ஸ் வியூவில் வைத்து, குவிய தூரத்துக்கான பத்தியைச் சேர்த்து வரிசைப்படுத்தினாலே போதும். 16இல் குவிந்திருந்தால் அகலம் உங்களுக்கு உயிர். 18இல் தொடங்கும் லென்ஸ் உறுத்தும். 50இல் குவிந்திருந்து, அவற்றில் பலவற்றைப் பிறகு வெட்டியும் இருக்கிறீர்கள் என்றால் தொலைவுதான் தேவை, 18-135 பக்கம் சாயலாம். குவிய தூரத்தோடு ஐஎஸ்ஓவையும் பாருங்கள். பாதிக்கு மேல் 3200ஐத் தாண்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், 2.8தான்.

எதை வாங்கினாலும் 16-50ஐ விற்காதீர்கள். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 116 கிராம்தான், பையின் ஓரத்தில் கிடக்கட்டும். அந்த 16 மி.மீ. ஒரு நாள் கைகொடுக்கும்.

வேறு கேமரா வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால்: கேனான் ஆர்10, ஆர்50க்கு 18-150 நல்ல பொதுவான ஜூம், சிக்மா 18-50 2024இல் கேனான் மவுண்டிலும் வந்துவிட்டது. நிக்கான் இசட்50க்கு 18-140. ஃபுஜிக்கு 17-70 உண்டு, பழைய 18-55 எஃப் 2.8-4உம் இன்றைக்கும் அருமையான லென்ஸ். ஃபுல் பிரேம் என்றால் 24-105 எஃப் 4, நிக்கானில் 24-120 எஃப் 4. அங்கே சென்சார் பெரிது என்பதால் எஃப் 4ஏ உள்ளே எடுக்கவும் பெரும்பாலும் போதும்.

வாங்கியதும் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஜூம் லென்ஸ்களில் குழாய் முன்னும் பின்னும் நகர்வதால் உள்ளே ஒரு கண்ணாடி மிகச் சிறிதாகச் சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். சுவரில் நான்கு மூலையிலும் நடுவிலும் செய்தித்தாளை ஒட்டி, கேமராவை நேராக ஸ்டாண்டில் வைத்து, 17, 35, 70 மூன்றிலும் முழுத் திறப்பில் எடுங்கள். நான்கு மூலையும் நடுவை விடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மோசமாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்னால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர் என்றால் உங்கள் புது லென்ஸுக்கும் அந்த ஆபத்து உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நிற்கட்டும்.

யூவி பில்டர் பற்றி: டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் படத்துக்கு அதனால் லாபம் இல்லை. பாதுகாப்புக்கு டாம்ரானோடு வருகிற ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு) போதும், அதை எப்போதும் மாட்டியே வையுங்கள். கடற்கரையில் மணலும் உப்புக் காற்றும் அடிக்கும் இடத்தில் மட்டும் பில்டர் நல்லது, 67 மி.மீ. அளவில், கோட்டிங் நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தீபம், சீரியல் லைட் எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். தட்டையான அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு போலி விளக்கு படத்தில் விழும்.