வீட்டு ஸ்டூடியோ: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: 10-க்கு 12 அடி அறை, வெறும் சுவர்கள், தெருப் பக்கம் ஜன்னல். பாட்டும் கிதாரும் பதிவு செய்ய வேண்டும். கண்டன்சர் மைக் வாங்கினால் அறைச் சத்தம் முழுக்க உள்ளே வந்துவிடும், டைனமிக்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பாதிதான் உண்மை. குரல் எது, இரைச்சல் எது என்று எந்த மைக்கும் பிரித்துப் பார்ப்பதில்லை. மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை கண்டன்சர். டைனமிக்குக்கு உணர்திறன் குறைவு. அதனால் பாடுபவர் அதை ஒட்டி நின்று பாடுகிறார், அறைச் சத்தத்தைக் குறைப்பது அந்த நெருக்கம்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். 40 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபெல் லாபம். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் வகை) கண்டன்சரை அதே தூரத்தில் வைத்தாலும் இதே லாபம் உண்டு. அளவுக்கு மீறி நெருங்கினால் மட்டும் இரண்டிலுமே அடித்தொனி வீங்கிக்கொள்ளும், 'ப', 'ப்ப' எழுத்துகள் வெடிக்கும். 15 செ.மீ. தூரம், நடுவில் பாப் ஃபில்டர் (காற்று வெடிப்பைத் தடுக்கும் திரை) என்று தொடங்குங்கள்.

கிதாரும் பதிவாக வேண்டும் என்பதால் உங்களுக்குக் கண்டன்சரே பொருந்தும். கம்பியின் மெல்லிய ஒலியை அது நன்றாகப் பிடிக்கும். தெரு இரைச்சல் ஓயாது, பாட்டு மட்டும்தான் என்றால் டைனமிக் வாங்கலாம். அதிலும் ஒரு எச்சரிக்கை: ஷுர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு 60 டெசிபெல் அளவுக்குக் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) தேவை. உங்கள் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 50-லேயே நின்றுவிட்டால் குரல் எழும்பாது. பிறகு கணினியில் தூக்கினால் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் சேர்ந்து எழும்பும். மைக் வாங்குமுன் இன்டர்ஃபேஸின் அதிகபட்சக் கெயின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

பலர் போர்வையைத் தொங்கவிடுவது தப்பான பக்கத்தில். மைக்கின் முகம் பாடுபவரைப் பார்க்கிறது, அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கிறது. ஆகவே கனமான போர்வையை இரண்டாக மடித்து, பாடுபவரின் முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். ஜன்னலும் கணினியும் மைக்கின் பின்பக்கம் வரட்டும். கார்டியாய்டுக்குக் காது மந்தமான பக்கம் அது.

கேள்வி: யுஎஸ்பி மைக் ஒன்று போதாதா?

ஒரே குரல், ஒரே மைக் என்றால் போதும். இரண்டாவது மைக் வேண்டும் என்ற அன்றைக்குச் சிக்கல் தொடங்கும். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் மென்பொருள்) வழியாகப் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் வேலை செய்யும். மிருதங்கத்தின் இரு பக்கமும் பிடிக்க, அல்லது குரலையும் கிதாரையும் தனித்தனி டிராக்கில் எடுக்க, இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். அதில் கண்டன்சருக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபான்டம் பவரும், பிக்அப் கிதாரை நேரடியாகச் செருக 'இன்ஸ்ட்ருமென்ட்' சுவிட்சும் இருக்கிறதா என்று பாருங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளப்பது) விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். மிகச் சத்தமாகப் பாடும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் கெயினை வையுங்கள்.

கேள்வி: பாடும்போது ஹெட்ஃபோனில் என் குரல் கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. வேறு இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டுமா?

முதலில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் எத்தனை சாம்பிள் (ஒலி அளவீடு) சேர்த்துக் கையாள்கிறது என்பதைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 10.7 மில்லி செகண்ட். போய்வர 21-ஐத் தாண்டும், பாடுபவரால் தாங்க முடியாது. 128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 2.7 மட்டுமே. இறக்கியதும் 'பட் பட்' என்று வெட்டினால் கணினி திணறுகிறது என்று அர்த்தம். பிளக்-இன்களை (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்களை) அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், மிக்ஸிங்கின்போது மறுபடி 512-க்கு ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸில், குரலைக் கணினி வழியாகச் சுற்றவிடாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஆனால் அதை அழுத்தியபின் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும். விண்டோஸ்காரர்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரையே போடுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு உதவவே உதவாது.

கேள்வி: சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? இல்லை, ஃபோம் வாங்கலாமா?

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். ஒலியை உறிஞ்சும் கனம் அதில் இல்லை, தீப்பிடிக்கும் பொருள் வேறு. 2.5 செ.மீ. ஃபோம் உயர்ந்த அலைவரிசையை மட்டும் தின்றுவிட்டு, குரலின் கனமெல்லாம் இருக்கும் 100 முதல் 500 ஹெர்ட்ஸை அப்படியே விட்டுவிடும். அறை முழுக்க ஒட்டினால் பளிச்சென்ற ஒலி போய் மொத்தென்ற ஒலிதான் மிஞ்சும்.

அந்தக் காசில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பேனல் செய்துகொள்ளலாம். 60-க்கு 120 செ.மீ. மரச் சட்டம், 10 செ.மீ. தடிமன், கன மீட்டருக்கு 45 முதல் 60 கிலோ அடர்த்தியுள்ள பலகை. மேலே போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வந்தால் சரியான துணி. ராக்வூலை வெட்டும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். சுவரோடு ஒட்டாமல் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் கீழ் அலைவரிசை இன்னும் நன்றாக அடங்கும்.

எங்கே மாட்டுவது? வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். நண்பர் ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் (இன்னும் வாங்கவில்லை என்றால் அதை வைக்கப்போகும் இடம்) எங்கே தெரிகிறதோ அதுதான் பேனலின் இடம். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று, மூலைகளுக்கு இரண்டு: நான்கில் தொடங்குங்கள்.

இவையெல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைப்பவை. தெருச் சத்தத்தைத் தடுப்பவை அல்ல. அதற்கு எடையும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். ஜன்னல் ஓரத்திலும் கதவின் அடியிலும் ரப்பர் பட்டை ஒட்டிப் பார்ப்பது முதல் படி.

கேள்வி: மானிட்டர் ஸ்பீக்கர் முதலிலா, ஹெட்ஃபோனா?

ஹெட்ஃபோன். காதை முழுக்க மூடும் வகை, இல்லாவிட்டால் தாளச் சத்தம் கசிந்து குரல் டிராக்கில் ஏறும். மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 32 முதல் 80 ஓம் வரை உள்ளதை எடுங்கள். 250 ஓம் மாடல்கள் சிறிய இன்டர்ஃபேஸில் சன்னமாகத்தான் கேட்கும்.

ஸ்பீக்கரைப் பேனல்களுக்குப் பிறகு வாங்குங்கள். உங்கள் அறைக்கு 5 அங்குலம் போதும், 8 அங்குலம் அடித்தொனியால் அறையை நிரப்பிக் குழப்பும். 10 அடிச் சுவரைப் பார்த்து, அதிலிருந்து சுமார் நாலரை அடி தள்ளி உட்காருங்கள். அறையின் நட்டநடுவில் மட்டும் வேண்டாம், அங்கே சில அடித்தொனிகள் காணாமலே போகும்.

கேள்வி: பழைய எஸ்எம்58 (ஷுர் நிறுவனத்தின் டைனமிக் மைக்) ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிப்பது?

இந்த மாடலுக்குப் போலிகள் ஏராளம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், அசல் 298 கிராம். தெளிவாகக் குறைந்தால் விட்டுவிடுங்கள். கேபிளை அசைத்தபடியே பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பழைய இன்டர்ஃபேஸ் என்றால் எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டியது, உங்கள் இயங்குதளத்துக்கு இன்றும் டிரைவர் கிடைக்கிறதா என்பதுதான். பிறகு ஒவ்வொரு கெயின் திருகையும் மெதுவாகத் திருப்பி 'கரகர' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். 48 வோல்ட்டைச் சோதிக்கக் கண்டன்சர் மைக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்ற சத்தம். ஸ்பீக்கர் பழுதா?

சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் பழுது இல்லை, எர்த் வழியாகச் சுற்றிவரும் இரைச்சல். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். ஸ்பீக்கருக்கு ஒற்றை வளையக் கேபிள் இருந்தால், இரண்டு கறுப்பு வளையமுள்ள பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிளாக மாற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி போடலாம். எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் ஷாக் அடிப்பது உங்களுக்குத்தான்.