மச்சினன் கட்டித் தரும் ட்ரோனுக்கு நகையை வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் நிலம். வாடகைக்கு மருந்து தெளிக்க 10 லிட்டர் ட்ரோன் வாங்க ஆசை. கம்பெனி ட்ரோன் கூடுதல் பேட்டரிகளோடு 6.5 லட்சம் ஆகிறது. மனைவியின் தம்பி உதிரிபாகம் வாங்கி 3.25 லட்சத்தில் கட்டித் தருகிறேன் என்கிறார், பணத்தை முன்னாலேயே கேட்கிறார். நகையை வைக்கலாமா? அவர் கடைக்காக 4 வருடம் முன்பு வைத்த 2 லட்சமே வட்டி கட்டி மாற்றி மாற்றி வைத்தபடி நிற்கிறது. மறுத்தால் வீட்டில் வருத்தம்.

பதில்: ட்ரோன் இருக்கட்டும், முதலில் அந்த 2 லட்சத்தைப் பாருங்கள். 12 சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 24,000. நான்கு வருடத்தில் 96,000 போயிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது. இதன்மேல் 3.25 லட்சம் ஏறினால் வட்டி மட்டும் வருடம் 63,000. வட்டியைக் கட்டி நகையை மாற்றி வைக்கிற இந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் எந்த ட்ரோன் வாங்கினாலும் தேறாது.

மைத்துனரின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி கூலிக்குப் பறக்கும் இந்த அளவு ட்ரோனுக்கு வகைச் சான்று, அதாவது அந்த ட்ரோன் வகை தரத்துக்கு ஏற்றது என்று அரசு தரும் சான்று, வேண்டும். 250 கிராமுக்குள் இருக்கும் நானோவுக்கும், ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்கான மாடல்களுக்கும்தான் விலக்கு. சான்று இல்லாவிட்டால் பதிவு எண் கிடைக்காது. கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடும் கைக்கு எட்டாது. பக்கத்து வயலில் நாற்று நடுகிறவர்மேல் விழுந்தால் மொத்தச் செலவும் உங்கள் தலையில்.

கம்பெனி ட்ரோனுக்கும் அவசரம் வேண்டாம். 'மாதம் லட்சம்' என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். ஏக்கருக்கு 500 வீதம் நாளைக்கு 15 ஏக்கர் என்றால் 7,500. உதவியாள், வண்டி, சார்ஜ் போட ஜெனரேட்டர், பேட்டரித் தேய்மானம் போகப் பாதி நின்றாலே பெரிது. குறுவை, சம்பா சேர்த்து 70 நாள் கிடைத்தால் வருடம் சுமார் 2.6 லட்சம். சம்பாவுக்குத் தெளிக்கிற நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும், அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் பைலட் சான்றிதழ் எடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஒரு பருவம் ட்ரோன் வைத்திருப்பவரிடம் கூலிக்குப் பறந்து பாருங்கள். அப்புறம் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். மத்திய இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் வரை இடமுண்டு. ஒதுக்கீடு கிடைத்து விலை முழுவதற்கும் கணக்கிட்டால், உங்கள் பங்கு மைத்துனர் சொன்ன அதே 3.25 லட்சத்துக்கு வந்துவிடும், அதுவும் சான்றுள்ள ட்ரோனுக்கு. எந்தக் கம்பெனிக்கும் முன்பணம் கொடுக்கும் முன் அந்த மாடலின் வகைச் சான்றை வாங்கிப் பாருங்கள்.

நகை உங்கள் மனைவியுடையது. இந்தக் கணக்கை அவரிடமே காட்டுங்கள், தம்பியிடம் அவரே பேசட்டும். மைத்துனர் மாதம் 6,000, நீங்கள் 4,000 கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.