கணினி கேள்வி பதில்: இரண்டு பிராசஸர் இருந்தால் டிரைவர் ஏறாதா?

கேள்வி: கீழக்கரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன் சார். இரண்டு ஜியான் பிராசஸர் உள்ள பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்கி, உபுண்டு போட்டு, என்விடியா தளத்திலிருந்து டிரைவரை இறக்கி ஏற்றினேன். நன்றாகத்தான் ஓடியது. அப்டேட் கேட்டது, கொடுத்தேன், ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை. மறுபடி ஏற்றினால் அடுத்த அப்டேட்டில் அதே கதை. தெரிந்த மெக்கானிக், லினக்ஸுக்கு இரண்டு பிராசஸர் ஒத்துவராது, ஒன்றைக் கழற்றிவிடலாம் என்கிறார். கழற்றலாமா?
- கீழக்கரை வாசகர்

பதில்: தயவுசெய்து கழற்றாதீர்கள். இரண்டு சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுகளில் சில முதல் பிராசஸரோடும் மற்றவை இரண்டாவதோடும் நேரடியாக இணைந்திருக்கும், ஒன்றை எடுத்துவிட்டால் அதன் பக்கத்து ஸ்லாட்டுகள் செத்துவிடும், உங்கள் கிராபிக்ஸ் கார்டு அந்தப் பக்கம் இருந்தால் இப்போது வரும் கறுப்புத் திரைகூட வராது.

மெக்கானிக்கையும் ஒரேயடியாகத் தப்பு சொல்ல முடியாது. லினக்ஸில் பல பிராசஸர் வசதி 1996-ல் வந்த 2.0 கர்னலிலேயே (ஹார்டுவேரை ஆட்டிவைக்கும், லினக்ஸின் மையப் பகுதிதான் கர்னல்) இருக்கிறது. ஆனாலும் அதற்கப்புறம் பல வருஷம் ஒற்றை பிராசஸருக்கு ஒரு கர்னல், பல பிராசஸருக்கு எஸ்எம்பி என்று இன்னொரு கர்னல் என்றுதான் உபுண்டு மாதிரிப் பல டிஸ்ட்ரோக்களில் தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஓடுவது ஒன்று, டிரைவர் கம்பைல் ஆனது (தயாரானது) இன்னொன்றுக்கு என்றால் ஏறாது. அந்தக் காலத்து அறிவுரைதான் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது இரண்டுக்கும் ஒரே கர்னல். டெர்மினலில் யூநேம், ஒரு இடைவெளி, மைனஸ் ஏ என்று அடித்தால் வரும் வரியிலேயே எஸ்எம்பி என்று இருக்கும், பாருங்கள்.

உங்கள் கோளாறு வேறு. தளத்திலிருந்து இறக்கிய அந்த ரன் ஃபைல், அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த கர்னலுக்கு அளவெடுத்து ஒரு மாட்யூலை (கர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) தைத்துக் கொடுக்கிறது. அப்டேட்டில் புதுக் கர்னல் வந்ததும், போன தீபாவளிச் சட்டையை வளர்ந்த பிள்ளைக்கு மாட்டுகிற கதைதான். ஒவ்வொரு கர்னலுக்கும் தானாகத் திரும்பத் தைக்கிற வேலையை டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு செய்யும். ஏற்றும்போது அதைப் பற்றிக் கேட்டிருக்கும், நீங்கள் வேண்டாம் என்று தட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் ஊகம் சரியா என்று முதலில் பாருங்கள். மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் (எந்தக் கர்னலில் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். திரை வந்துவிட்டால் விஷயம் முடிந்தது, என்விடியா அன்இன்ஸ்டால் கட்டளையால் பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டு (மேலேயே இன்னொன்றை ஏற்றினால் இரண்டு வெர்ஷன் மோதிக்கொள்ளும்), உபுண்டுவின் அடிஷனல் டிரைவர்ஸில் இருப்பதைப் போடுங்கள். இனி அந்தத் தளத்துப் பக்கமே போக வேண்டாம். ஏறும் நேரத்தில் கரண்ட் போகாமல் யுபிஎஸ் இருக்கட்டும், ஐப்பசி கார்த்திகையில் நம் கரையோரத்தில் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்!

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருந்தால் ஏற்றும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது கீயை அழுத்து என்று பத்து நொடி எண்ணும். பலரும் டீ குடிக்கப் போய் இதைத் தவறவிடுகிறார்கள். அழுத்தி, என்ரோல் மாக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவர் டிஸ்கில் இருக்கும், கர்னல் உள்ளே விடாது.

இன்னொன்று, கார்டின் பெயரைப் படித்துப் பாருங்கள். பழைய வொர்க்ஸ்டேஷனில் குவாட்ரோ கே2000, கே4000 மாதிரி இருந்தால் அது கெப்ளர் தலைமுறை, அதற்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி. கே620, கே2200 என்றால் பெயரில் கே இருந்தாலும் அது அடுத்த தலைமுறையான மேக்ஸ்வெல், 470-க்குப் பிறகு 580 வரை வந்த வரிசைகளிலும் ஓடும்.

கேள்வி: என்னுடையதும் இரண்டு பிராசஸர் மெஷின்தான், சர்வர் போர்டு. டிரைவர் ஏற்றப் போனால் கார்டே இல்லை என்கிறது. மானிட்டரில் படம் மட்டும் வருகிறது, எப்படி?
- மண்டபம் வாசகர்

பதில்: படம் வருவது போர்டிலேயே இருக்கும் சின்ன விஜிஏ சிப்பிலிருந்து. சர்வர் போர்டுகளில் இது சகஜம், அதை நம்பி மானிட்டர் கேபிளை அங்கேயே செருகிவிட்டுக் கார்டு ஓடுவதாக நினைப்பவர்களும் உண்டு. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடியுங்கள், மெஷினுக்குத் தெரிகிற கார்டுகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் என்விடியா இல்லையென்றால் டிரைவரைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை, வேலை ஹார்டுவேரில்தான். இரண்டாவது சாக்கெட் காலியா, கார்டுக்குத் தனி பவர் ஒயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மண்டபம் என்கிறீர்கள், உப்புக்காற்று. மெஷினை அணைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றினால் அடியில் வரிசையாக இருக்கும் தங்கநிறக் கால்கள் மங்கியோ பச்சை பூத்தோ இருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் முதல் பிராசஸருக்கு உரிய ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எந்த ஸ்லாட் எதனுடையது என்று போர்டின் மேனுவலில் படம் போட்டிருப்பார்கள்.