பால் தீய்ந்தது அத்தைக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். மாமியாருக்கு வயது 67. நாலைந்து மாதமாக நான் சமைக்கும் எதுவுமே வாய்க்கு விளங்கவில்லை என்கிறார். ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறதாம். என் கண்ணெதிரிலேயே குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிறார். காரம் தூக்கலாக இருக்கும் அன்று மட்டும் பேசாமல் சாப்பிடுகிறார். ஊரிலிருந்து வந்த நாத்தனாரிடம், ‘இவளுக்கு அவங்க அம்மா சமைக்கவே சொல்லிக் குடுக்கலை’ என்றார். போன வெள்ளிக்கிழமை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தால் வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். பால் வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. அவரோ அடுப்படி வாசலிலேயே, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்! வேண்டுமென்றே செய்கிறார். கணவரிடம் சொன்னால், ‘பொம்பளைங்க விஷயத்துல என்னை இழுக்காதே’ என்கிறார். பகலில் என் மூன்று வயது மகனை அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்பதால் இத்தனை நாள் பொறுத்தேன். தனிக்குடித்தனம் போவது தவறா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சாம்பாரில் தொடங்கித் தனிக்குடித்தனத்தில் முடியும் கடிதங்களை இத்தனை வருடத்தில் நிறையப் படித்துவிட்டேன். உங்கள் கடிதத்திலும் பாதிக்கு மேல் அதேதான். ஆனால் அந்த முருங்கைக்கீரை வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். குற்றச்சாட்டுகளோடு சேர்த்துப் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

பால் தீய்கிற நாற்றம் அடுத்த வீட்டுக்காரரையே எழுப்பிவிடும். ஆயுள் முழுக்க அடுப்படியில் நின்ற மனுஷி அவர். பால் பொங்கப் போகிறது என்பதை அந்த வாசனையிலேயே தெரிந்துகொண்டு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார், நாற்பது ஐம்பது வருடமாக. அப்படிப்பட்டவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நிதானமாகக் கீரை ஆய்ந்திருக்கிறார். மருமகளைப் பழிவாங்கப் பாலையும் பாத்திரத்தையும் தீயவிடுவாரா? எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவருக்கு வாசனை தெரியவில்லை.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. பார்ப்பதற்கு இரண்டாவது, கேட்பதற்கு எட்டாவது. எல்லாவற்றுக்கும் முதலாவது, வாசனைக்கான நரம்பு. மூக்கின் உச்சியில் தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. அதிலிருந்து பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மெல்லிய இழைகள், சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள ஓர் எலும்பின் வழியாக மேலே ஏறி மூளையின் அடிப்பகுதிக்குப் போகின்றன. நூல் மாதிரியான அந்த இழைகள் கெட்டுப்போனால் மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

‘அவர் குறை சொல்வது ருசியைத்தானே, வாசனையை இல்லையே’ என்பீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள். மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சீரகத்தை வாயில் போட்டு மெல்லுங்கள். உமியை மெல்வது போல இருக்கும். பிறகு மூக்கை விடுங்கள். சீரகம் என்பது அப்போதுதான் தெரியும். மெல்லும்போது உணவின் மணம் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கின் உச்சிக்குப் போகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போல ஒரு சிலதான். நாக்கின் முன்பகுதியின் ருசியை ஏழாவது நரம்பும் பின்பகுதியின் ருசியை ஒன்பதாவது நரம்பும் கொண்டுபோகின்றன. உங்கள் அத்தைக்கு அவை வேலை செய்கின்றன போலிருக்கிறது. மிளகும் சீரகமும் பெருங்காயமும் மணக்காத ரசத்தில் நாக்குக்கு எட்டுவது உப்பும் புளிப்பும் மட்டும்தான், அதனால்தான் உப்பை அள்ளிப் போடுகிறார். காரம் என்பது ருசியே கிடையாது. அது எரிச்சல், அதைக் கொண்டுபோவது முகத்துக்குத் தொடுவுணர்வு தரும் ஐந்தாவது நரம்பு. காரமாக வைத்த அன்று மட்டும் அவர் ஏன் பேசாமல் சாப்பிட்டார் என்று இப்போது புரிகிறதா? அன்றைக்குத்தான் அவர் வாயில் ஏதோ உறைத்திருக்கிறது.

மெல்ல மெல்லக் குறையும் வாசனை, குறைந்தவருக்கே தெரியாது. கண் மங்கினால் எழுத்து மங்கும். மூக்கு மங்கினால் சமைத்தவள் கை மங்கியதாகத்தான் தோன்றும். அதற்காக நாத்தனார் முன்னால் உங்கள் அம்மாவை இழுத்துப் பேசியதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். அது தப்பு. ஆனால் ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்துவிட்டு, ஒரு பெரியவரின் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒரு நாளாவது தோன்ற வேண்டாமா? வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதினால் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வீர்களா, திமிர் என்பீர்களா?

இன்றைக்கே, சண்டை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘அத்தை, கண்ணை மூடிக்கோங்க’ என்று சொல்லி, ஒரு மூக்கை அடைக்கச் சொல்லிக் காபித் தூள் டப்பாவை நீட்டுங்கள். பிறகு அடுத்த மூக்கு. பிறகு பெருங்காயம், சோப்பு. தைலமும் கற்பூரமும் வேண்டாம். அவை ஐந்தாவது நரம்பையும் உசுப்பிவிடும், வாசனையே தெரியாதவர்கூட ‘ஏதோ ஏறுதும்மா’ என்பார். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் தெரியாவிட்டால் அதைக் குறித்துவையுங்கள், டாக்டருக்கு வேண்டியிருக்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். சைனஸ், மூக்குக்குள் சதை வளர்ச்சி, கொரோனா அல்லது வேறு சளிக் காய்ச்சல், வெறும் முதுமை, இப்படிக் காரணங்கள் பல. குளியலறையில் வழுக்கி விழுந்தாரா என்று கேளுங்கள். பின்மண்டையில் அடிபட்டு மூளை குலுங்கினால் அந்தச் சல்லடை எலும்பின் மேலேயே இழைகள் அறுந்துவிடும். சிலருக்குப் பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் கை நடுங்குவதற்கும் நினைவு தவறுவதற்கும் பல வருடம் முன்பே வாசனை போய்விடுகிறது. அரிதாக, மூளைக்கு அடியில் வளரும் கட்டி அந்த நரம்பை அழுத்துவதும் உண்டு. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நரம்பில்தான் கோளாறு என்றால் மூக்குக்குப் பயிற்சி இருக்கிறது. ரோஜா, தைல மர எண்ணெய், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் தினமும் முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் செய்து காட்டியது இது. முகரும் செல்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைப்பவை, அதனால் பலருக்குக் கொஞ்சமாவது திரும்புகிறது.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் எட்டாத ஒருவரிடம் தினமும் ஒரு சிலிண்டரையும் மூன்று வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறீர்கள். ‘பொறுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையில் இத்தனை நாள் உங்கள் வீட்டை எது பொறுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் கடையில் கிடைக்கிறது. இந்த வாரமே வாங்கி, தரையை ஒட்டினாற்போல மாட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள், மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே முடித்துவையுங்கள். கசிவுப் புகாருக்கான 1906 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் கணவர் இதைப் படிக்க வேண்டும். தம்பி, உங்களைப் பெற்றவருடைய தலைக்குள் ஒரு நரம்பு அணைந்துபோயிருக்கலாம். இது பொம்பளைங்க விஷயமா? ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நீங்களே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், மனைவி தலையில் கட்டக்கூடாது. எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், விழுந்தாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிரஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அத்தனை உப்பு உள்ளே போயிருக்கிறது.

தனிக்குடித்தனம் தவறா என்று கேட்டீர்கள், அம்மா. உடம்பு நன்றாக இருக்கும் பெரியவர்களை விட்டுத் தனியாகப் போனவர்களை நான் குறை சொன்னதில்லை. இன்ன கோளாறு என்றே தெரியாத ஒருவரைத் தனியாக ஒரு அடுப்போடு விட்டுப் போவதற்கு மட்டும் என்னிடம் சம்மதம் கேட்காதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வீடு பார்ப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பதில் சொல்கிறேன்.